காக்கி புக்கிட் பட்டறை கண்டுபிடித்த ‘டொக்’ சத்தம்: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

ஏழு மாதங்களாக என் காரின் முன்பக்க இடது சக்கரத்தருகே கேட்டுக்கொண்டிருந்த சத்தத்தை, இரண்டு பட்டறைகளில் 1,420 வெள்ளி செலவழித்தும் தீராத அந்தச் சத்தத்தை, சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் இருக்கும் ஒரு சிறிய பட்டறை 190 வெள்ளிக்குத் தீர்த்துக் கொடுத்தது. இந்த மதிப்பீடு அந்தப் பட்டறையைப் பற்றியது. கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். இரண்டே லிஃப்டுகளை வைத்துக்கொண்டு மூன்று பேர் வேலை செய்யும் இடம் அது. இப்போது வரும் வண்டிகளையே அவர்களால் பார்த்து முடிக்க இயலவில்லை. அவர் விருப்பத்தை மதித்துப் பெயரைத் தவிர்க்கிறேன். அதற்குப் பதிலாக, அவர்கள் எப்படி வேலை பார்த்தார்கள் என்பதை விவரமாக எழுதுகிறேன். அதே முறையில் வேலை பார்க்கும் பட்டறை சின் மிங்கிலோ ஊபியிலோ உட்லண்ட்ஸிலோ உங்களுக்குக் கிடைத்தால், அங்கே தயங்காமல் வண்டியைக் கொடுக்கலாம்.

என்னுடையது 2014இல் பதிவான ஒரு ஜப்பானியச் செடான். 2024இல் சிஓஇயை, அதாவது வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை, ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தேன். ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது என்பதால், 2029இல் இந்த வண்டி சாலையை விட்டுப் போய்விடும். ஆகவே அதற்குச் செய்யும் ஒவ்வொரு செலவையும் மீதமிருக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் சத்தத்தை அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை. என் மாமனாருக்கு 81 வயது. இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரை மாதம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். கார் நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதையில் அந்த ‘டொக்’ கேட்கும்போதெல்லாம், அவர் முன் இருக்கையின் முதுகுப் பகுதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். வண்டி குலுங்காது, சத்தம்தான் வரும். ஆயினும் குலுங்கப் போகிறது என்று அவர் உடம்பு முன்கூட்டியே இறுகிவிடும். அதைப் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஏழு மாதம் ஓட்டினேன்.

முதலில் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பட்டறைக்குப் போவதற்கு முன்பே அதை நாம் எவ்வளவு துல்லியமாகக் கவனிக்கிறோமோ அந்த அளவுக்குப் பணம் மிச்சமாகும். மணிக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தின் சரிவில் வளைந்து இறங்கும்போது அது தவறாமல் கேட்டது. ஹவ்காங்கில் குறுக்குத் தீவு ரயில் பாதைக் கட்டுமானத்தையொட்டிச் சாலையில் பரப்பியிருந்த இரும்புத் தகடுகளின் விளிம்பில் இடது சக்கரம் ஏறும்போதும் கேட்டது. ஆனால், சாலையின் முழு அகலத்துக்கும் போடப்பட்ட வேகத்தடை மேட்டில் இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கியபோது பெரும்பாலும் கேட்கவில்லை. தீவு விரைவுச்சாலையில் அறவே இல்லை. நல்ல மழை பெய்து சாலையெல்லாம் நனைந்திருக்கும் நாள்களில் சத்தம் மங்கிப்போனது. இவை ஒவ்வொன்றும் ஒரு தடயம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் முதல் பட்டறையிலேயே வாயைத் திறந்து சொல்லியிருப்பேன்.

சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே இருக்கும் பாகங்கள் பெரும்பாலும் இரும்பும் ரப்பரும் சேர்ந்தவை. பெரும்பாலான சிறிய கார்களில் முன்பக்கம் மக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பு இருக்கும். ஷாக் அப்சார்பரும் சுருள் வில்லும் ஒரே தூணாக நின்று, மேலே டாப் மவுண்ட் வழியாக உடலோடும், கீழே லோவர் ஆர்ம் வழியாக அடிச்சட்டத்தோடும் இணைந்திருக்கும். வளைவில் வண்டி ஒருபக்கமாகச் சாயாமல் இருக்க, இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம்வரை ஒரு வளைந்த இரும்புத் தண்டு குறுக்கே ஓடும். அதுதான் ஸ்டெபிலைசர் பார். அதன் இரு முனைகளையும் சக்கரப் பகுதியோடு இணைப்பவை ஸ்டெபிலைசர் லிங்குகள். தண்டை நடுவில் அடிச்சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பவை இரண்டு ரப்பர் புஷ்கள், அதாவது தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறைகள். இந்தப் பாகங்கள் அனைத்தும் ஒன்றோடொன்று இரும்பால் இணைந்திருப்பதால், ஓர் இடத்தில் எழும் சத்தம் அடிச்சட்டம் வழியாக ஓடி வேறோர் இடத்தில் வெளிப்படும். ஓட்டுநரின் காலடியில் கேட்பது, உண்மையில் எதிர்ப்பக்கச் சக்கரத்திலிருந்து வரலாம்.

ஆகவே சத்தம் எங்கே கேட்கிறது என்பதைவிட எப்போது கேட்கிறது என்பதே முக்கியம். வண்டி நின்றிருக்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘கிரீச்’ என்றோ, வில் தெறிப்பது போல ‘டொய்ங்’ என்றோ கேட்டால், டாப் மவுண்டில் உள்ள பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போதும் பின்னோக்கி எடுக்கும்போதும் ஒரே ஒரு ‘தொம்’ கேட்டால், லோவர் ஆர்மின் பின் புஷ்ஷையோ என்ஜின் மவுண்டையோ பார்க்க வேண்டும். முழுவதும் திருப்பிய நிலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ‘டக்டக்டக்’ என்று தொடர்ந்து வந்தால், அது பெரும்பாலும் டிரைவ் ஷாஃப்டின் வெளி மூட்டு. சஸ்பென்ஷனோடு அதற்குச் சம்பந்தமில்லை. வேகம் கூடக்கூட உயரும் ‘ஊம்’ என்ற ஒலி, சக்கர பேரிங்காகவோ ஒழுங்கற்றுத் தேய்ந்த டயராகவோ இருக்கும். சிறு பள்ளங்களில் கடகடக்கும் சத்தம், பிரேக்கை மென்மையாகத் தொட்டதும் நின்றுவிட்டால், ஆடிக்கொண்டிருப்பது பிரேக் பேடு. இந்த ஒரு சோதனைக்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். ஆளில்லாத கார் நிறுத்துமிடத்தில் நீங்களே செய்யலாம். அதற்கும் முன்னால், வண்டியின் பின்பக்கப் பொருள்பெட்டியைத் திறந்து உள்ளேயிருக்கும் ஜாக், மாற்றுச் சக்கரம், குடை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நான் முதலில் போனது வரவேற்பறையும் காப்பி இயந்திரமும் உள்ள ஒரு பெரிய பட்டறை. வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஒருவர் வந்து, “ரெண்டு ஷாக் அப்சார்பரும் போயிடுச்சு, டாப் மவுண்டும் மாத்தணும்” என்றார். வண்டியை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை, சத்தம் எப்போது வருகிறது என்று கேட்கவும் இல்லை. பத்து வயதைத் தாண்டிய வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாற்றுவது இயல்புதானே என்று நானும் ஒப்புக்கொண்டேன். 1,180 வெள்ளி. வெளியே வந்து, வீட்டுக்கு அருகில் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் இறங்கியதும் அதே ‘டொக்’. மறுநாள் திரும்பிப் போனபோது, லோவர் ஆர்ம் இரண்டையும் மாற்ற வேண்டும், மேலும் 680 வெள்ளி ஆகும் என்றார்கள். அங்கிருந்து வந்துவிட்டேன்.

அந்த ஷாக் அப்சார்பர்கள் நல்ல நிலையில் இருந்தன என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கழற்றிய பழையவற்றை எனக்குக் காட்டவில்லை. ஆனால் இப்போது ஒன்று எனக்குத் தெரியும். தேய்ந்துபோன ஷாக் அப்சார்பரின் முதல் அடையாளம் பெரும்பாலும் சத்தமன்று. வேகத்தடையைத் தாண்டியபின் வண்டி இரண்டு மூன்று முறை மிதப்பது, பிரேக் பிடிக்கும்போது மூக்கு அதிகமாகக் குனிவது, டயரில் திட்டுத் திட்டாகத் தேய்மானம் தெரிவது ஆகியவையே அடையாளங்கள். அதன்மேல் லேசான எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. எண்ணெய் வழிந்து ஈரமாக இருந்தால்தான் கசிவு. சத்தத்துக்காகப் போனவனுக்கு இவற்றில் எதையும் காட்டாமல் ஷாக் அப்சார்பரை மாற்றியது தவறு என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது பட்டறைக்கு அண்டை வீட்டுக்காரர் அனுப்பினார். அங்கே ஸ்டெபிலைசர் லிங்க் இரண்டையும் மாற்றிவிட்டு, தெரிந்த ரப்பர் புஷ் எல்லாவற்றின் மீதும் ஏதோ ஒரு மசகு எண்ணெயைத் தெளித்து, 240 வெள்ளி வாங்கினார்கள். நான்கு நாள் சத்தம் இல்லை. ஐந்தாம் நாள் வந்துவிட்டது. இந்தத் தெளிப்பான் வேலையைப் பற்றி வாசகர்களை எச்சரிக்க விரும்புகிறேன். பெட்ரோலிய எண்ணெய் கலந்த தெளிப்பான்கள் சாதாரண ரப்பரை நாளடைவில் உப்பச் செய்து மென்மையாக்கிவிடும். எங்கிருந்து சத்தம் வருகிறது என்று கண்டறிவதற்காக ஒரு நேரத்தில் ஒரே ஒரு புஷ்ஷின் மீது சோப்புத் தண்ணீரையோ சிலிக்கான் மசகையோ இட்டுப் பார்ப்பது நல்ல உத்தி. எல்லாவற்றின் மீதும் ஒரேயடியாக அடித்துவிட்டால், சத்தம் நின்றாலும் எது காரணம் என்று தெரியாமலே போகும். நோயும் மறையாது, தடயம் மட்டும் அழிந்துவிடும்.

காக்கி புக்கிட் பட்டறைக்கு ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் சொல்லித்தான் போனேன். நாளெல்லாம் வண்டியில் உட்கார்ந்திருப்பவர்கள், வண்டி பட்டறையில் நின்றால் அன்றைய வருமானம் போய்விடும் என்ற நிலையில் உள்ளவர்கள், பட்டறையை விளம்பரம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்கள் சொல்லுக்கு நான் எப்போதும் மதிப்புக் கொடுப்பேன். உரிமையாளர் அறுபது வயதைத் தாண்டிய சீனர். எல்லாரும் அவரை அங்கிள் என்றே கூப்பிடுகிறார்கள். வண்டியைப் பார்ப்பவர் ஜோகூரிலிருந்து தினமும் பாலத்தைக் கடந்து வரும் ஒரு தமிழர், நாற்பது வயது இருக்கலாம். போனதும் அங்கிள் சொன்ன முதல் செய்தி, சத்தத்தைக் கண்டுபிடிப்பதற்குத் தனியாக 60 வெள்ளி ஆகும், கண்டுபிடித்தபின் வேலையை வேறு எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்பது. அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்கு நம்பிக்கை பிறந்தது. கண்டுபிடிப்பதற்குக் கூலி வாங்குகிறவருக்கு, பாகத்தை விற்றுத்தான் அந்த நேரத்தை ஈடுகட்ட வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம் என்னும் இடங்களில் அந்த நெருக்கடி வாடிக்கையாளரின் தலையில்தான் வந்து விழும்.

“அண்ணே, நீங்களே ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்,” என்றார் மெக்கானிக். ரேடியோவையும் குளிர்சாதனத்தையும் நிறுத்தச் சொன்னார். நான்கு கண்ணாடிகளையும் இறக்கச் சொன்னார். எங்கே சத்தம் வரும் என்று கேட்டு, அதே போன்ற சரிவு உள்ள ஒரு கார் நிறுத்துமிடத்துக்கே என்னை ஓட்டிப் போகச் செய்தார். இரண்டு முறை இறங்கினோம். மூன்றாம் முறை, “பிரேக்க லேசாத் தொட்டுக்கிட்டே எறங்குங்க,” என்றார். சத்தம் அப்படியே இருந்தது. பிரேக் பேடு இல்லை என்று தெரிந்தது. பிறகு முழு அகல வேகத்தடை ஒன்றை நேராகவும், அடுத்த முறை இடது சக்கரம் மட்டும் ஏறும்படி ஓரமாகவும் கடக்கச் செய்தார். நேராகக் கடந்தபோது அமைதி. ஓரமாகக் கடந்தபோது ‘டொக்’. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

இதன் காரணத்தைப் பட்டறைக்குத் திரும்பும் வழியில் அவர் விளக்கினார். நான் என் மொழியில் எழுதுகிறேன். இரண்டு சக்கரங்களும் ஒன்றாக மேலே எழும்போது ஸ்டெபிலைசர் பாரின் இரு முனைகளும் ஒன்றாகவே எழுகின்றன. தண்டு முறுக்கப்படுவதில்லை, தன் புஷ்களுக்குள் சற்றே உருள்கிறது, அவ்வளவுதான். ஒரு சக்கரம் மட்டும் எழும்போது ஒரு முனை மேலே போகிறது, மறு முனை கீழேயே நிற்கிறது. தண்டு முறுக்கப்பட்டு, லிங்குகளும் புஷ்களும் எதிரெதிர்த் திசையில் இழுபடுகின்றன. எங்கேனும் தளர்வு இருந்தால், அப்போதுதான் இரும்பு இரும்பில் போய் இடிக்கும். ஷாக் அப்சார்பரோ டாப் மவுண்டோ காரணமாக இருந்தால், இரண்டு சக்கரமும் ஏறும்போதும் சத்தம் வந்திருக்க வேண்டும். வண்டியை லிஃப்டில் ஏற்றுவதற்கு முன்பாகவே 1,180 வெள்ளிச் செலவு தேவையற்றது என்று அந்த ஒரு வேகத்தடை சொல்லிவிட்டது. அதைக் கேட்டபோது எனக்கு வருத்தம் அதிகமாக இருந்தது.

பிறகு லிஃப்டில் ஏற்றினார். இரண்டு முன்சக்கரங்களும் சமமாகத் தொங்கும்படி ஏற்றுவது முக்கியம் என்று சொல்லிக்கொண்டே செய்தார். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக் வைத்துத் தூக்கினால் தண்டு முறுக்கேறி நிற்கும், அந்த இறுக்கத்தில் தளர்ந்த லிங்க்கூட உறுதியாகத் தோன்றும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார், பால் ஜாயிண்டுக்காகவும் (லோவர் ஆர்மைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் உருண்டை மூட்டு) பேரிங்குக்காகவும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினார், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடுக்காக. பின்னர் ஒரு நீண்ட நெம்புகோலை லோவர் ஆர்முக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே செருகி, புஷ்ஷை மெதுவாகப் பிரித்து, கைவிளக்கை அதன்மேல் பிடித்து என்னை அருகில் வந்து பார்க்கச் சொன்னார். பின் புஷ்ஷின் ரப்பரில் ஒரு விரல் நகம் அளவுக்கு மேற்பரப்பு வெடிப்பு இருந்தது. ஆனால் நெம்பியபோது இரும்பு தனியாக விலகவில்லை. ரப்பர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. “இது வயசுக்கு வர்ற வெடிப்பு, இன்னும் கிழியல. இப்ப மாத்தாதீங்க,” என்றார். முதல் பட்டறை 680 வெள்ளி கேட்டது இதே பாகத்துக்குத்தான்.

அதன்பின் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டு ஸ்டெபிலைசர் லிங்குகளையும் ஒரு முனையில் கழற்றி, தண்டைத் தொடாதபடி கட்டி வைத்துவிட்டு, மறுபடி வண்டியை இறக்கி, பட்டறைக்குப் பின்னால் உள்ள சந்தில் அவரே மெதுவாக ஓட்டி, ஒரு சாக்கடை மூடியின் மீது இடது சக்கரத்தை ஏற்றி இறக்கினார். இந்த முறை சத்தம் இல்லை. ஆகவே குற்றவாளி ஸ்டெபிலைசர் தண்டின் குடும்பத்தில்தான் இருக்கிறது. லிங்குகள் புதியவை, கையில் பிடித்து அசைத்தபோது இறுக்கமாகவே இருந்தன. மீண்டும் லிஃப்டில் ஏற்றி, இப்போது விடுபட்டுத் தொங்கிய தண்டின் முனையை இரண்டு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்தார்.

‘டொக்.’

சரிவில் கேட்ட அதே சத்தம், ஒரு மனிதரின் கை அசைவில், என் முகத்துக்கு இரண்டு அடி தூரத்தில் வந்தது. என் உள்ளங்கையை எடுத்து இடது புஷ்ஷின் இரும்புப் பட்டையின்மேல் வைத்துவிட்டு மறுபடி அசைத்தார்; விரல்களில் அந்த இடி தெளிவாக உணரப்பட்டது. அந்த இடது புஷ்ஷைக் கழற்றிக் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தது, உள்ளே கண்ணாடி போல் பளபளத்தது. மழை நாளில் சத்தம் குறைந்ததற்கும் நான்கு நாள் நின்றதற்கும் காரணம் கேட்டேன். அந்த இடைவெளிக்குள் தண்ணீரோ எண்ணெயோ புகுந்தால் இடி மெத்தையில் விழுவதுபோல் மங்கிவிடும், காய்ந்ததும் திரும்பிவிடும் என்றார்.

இரண்டு புஷ்களின் விலை 40 வெள்ளி, கூலி 90, சோதனைக் கட்டணம் 60. மேல்பக்கத்துப் போல்ட்டுகளை எட்டுவது கடினம் என்பதால் கூலி சற்று அதிகம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றரை மணி நேரம் வியர்வை ஒழுக வேலை செய்தார். என் கணக்கில் அது அதிகமன்று. பழைய புஷ் இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.

வண்டியைத் திருப்பித் தருவதற்கு முன் இன்னொன்றையும் கவனித்தார். முன் டயரின் மேல் உள்ளங்கையை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகவும், பிறகு வெளியிலிருந்து உள்ளாகவும் தடவினார். என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரு திசையில் வழவழப்பு. மறு திசையில் ரம்பத்தின் பல்போல் உறுத்தியது. ஷாக் அப்சார்பரை மாற்றும்போது சக்கரத்தோடு இணைக்கும் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தியாக வேண்டும். அப்போது சக்கரத்தின் கோணம் மாறிவிடும். முதல் பட்டறை வீல் அலைன்மெண்ட் செய்யாமலே வண்டியைக் கொடுத்திருக்கிறது. இவர்களிடம் அந்தக் கருவி இல்லை என்பதால், அதே வரிசையில் உள்ள வேறொரு கடைக்கு அனுப்பினார்கள். அங்கே தனியாக 45 வெள்ளி ஆயிற்று.

லோவர் ஆர்மை எப்போதாவது மாற்ற நேர்ந்தால் எப்படிச் செய்வார் என்று சோதித்துப் பார்க்கும் எண்ணத்தோடு ஒரு கேள்வி கேட்டேன்: போல்ட்டுகளை எப்போது இறுக்குவீர்கள் தம்பி? சக்கரம் தொங்கும்போது கையளவுக்கு மட்டும், வண்டி தன் எடையில் தரையில் நிற்கும் உயரத்தில்தான் முழு இறுக்கம் என்றார். அதுவே சரியான விடை. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையிலேயே நிற்கும். புதிய பாகமும் சீக்கிரத்தில் கிழிந்துபோகும். நீங்கள் பட்டறை தேடும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். விடையைவிட, விடை சொல்லும் விதமே பல விஷயங்களைக் காட்டிக்கொடுக்கும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முன்பதிவு வாட்ஸ்அப்பில் மட்டும்தான். என் முதல் செய்திக்கு இரண்டு நாள் கழித்தே பதில் வந்தது. உட்கார இடம் இல்லை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டுமே. நண்பகலில் அங்கே வெப்பம் தாங்க முடியாது. கட்டணம் பேநவ் மின்பரிமாற்றம் அல்லது ரொக்கம். கடன் அட்டை வாங்குவதில்லை. முதல் நாள் சோதனை, பாகம் வரவழைத்த பின் இரண்டாம் நாள் வேலை என்று அரைநாள் விடுப்பை இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது. ரசீது கையெழுத்தில், ஆங்கிலத்தில், சுருக்கமாக இருந்தது. நான் கேட்ட பிறகுதான் பாகத்தின் எண்ணையும் எழுதினார்கள். ஆனால் ஆரம்பத்திலேயே வேலைத்தாளில் ‘முன் இடது, ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது டொக் சத்தம்’ என்று என் குறையை எழுதிக்கொண்டார்கள். வேலை முடிந்ததும் அதே தாளில் ‘சத்தம் நின்றது, வாடிக்கையாளரோடு ஓட்டிப் பார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

இந்தத் தாளின் அருமை எனக்கு வேறு வழியில் தெரிந்தது. முதல் பட்டறையின் மீது சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாமா என்று யோசித்தேன். அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியையும் நாடலாம். ஆனால் என் கையிலிருந்த ரசீதில் ‘ஷாக் அப்சார்பர் இரண்டு, டாப் மவுண்ட் இரண்டு, மாற்றப்பட்டன’ என்று மட்டுமே இருந்தது. அவை மாற்றப்பட்டது உண்மை. சத்தத்தைத் தீர்ப்பதாக எங்குமே எழுதப்படவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை. ஆகவே அதை விட்டுவிட்டேன். இனி எந்தப் பட்டறைக்குப் போனாலும் என் குறையை என் சொற்களிலேயே தாளில் எழுத வைத்த பிறகுதான் சாவியைக் கொடுப்பேன்.

இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டிக்காரர்கள், வெளிப் பட்டறைக்குப் போனாலே உத்தரவாதம் போய்விடும் என்று அஞ்சுவதை அடிக்கடி கேட்கிறேன். சிங்கப்பூரின் போட்டித்தன்மை ஆணையம் இதில் தலையிட்ட பின், 2017இல் முக்கிய விநியோகிப்பாளர்கள் அந்த நிபந்தனையைத் தங்கள் உத்தரவாதத்திலிருந்து நீக்கினார்கள். வெளிப் பட்டறையின் வேலையால்தான் சேதம் ஏற்பட்டது என்றால் அந்தச் சேதத்துக்கு அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள், அது நியாயம். ஆயினும், உத்தரவாதம் உள்ள வண்டியில் சஸ்பென்ஷன் சத்தம் வந்தால் முதலில் விநியோகிப்பாளரிடமே காட்டுங்கள். இலவசமாகத் தீரக்கூடியதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ஆண்டுச் சோதனையை நம்பி இருப்பவர்களுக்கும் ஒரு சொல். பத்து வயதைத் தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை கட்டாயம். என் வண்டி இந்தச் சத்தத்தோடே சென்ற முறை அதில் தேறியது. பிரேக், புகை, அடிப்பகுதி ஆகியவை பாதுகாப்பான நிலையில் உள்ளனவா என்று பார்ப்பது அவர்களின் வேலை. சரிவில் இறங்கும்போது என்ன கேட்கிறது என்று பார்ப்பதற்கு அங்கே நேரமும் இல்லை, தேவையும் இல்லை. தேறிவிட்டது என்பதால் சத்தத்தை அலட்சியம் செய்யவும் கூடாது, சத்தம் இருப்பதால் வண்டி ஆபத்தானது என்று பயந்து கேட்ட பணத்தைக் கொடுக்கவும் கூடாது. பால் ஜாயிண்டும் டை ராடும் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் தளர்வு என்று ஒருவர் காட்டினால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், ஏனெனில் அவை கழன்றால் சக்கரம் நம் கட்டுப்பாட்டில் இருக்காது.

வேலை முடிந்து இப்போது பதினொரு வாரம் ஆகிறது. தகடுகளின் மீதும் சரிவிலும் சாக்கடை மூடிகளின் மீதும் ஓட்டியாயிற்று; சத்தம் இல்லை. சென்ற வாரம் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது, கார் நிறுத்துமிடத்தின் மூன்றாம் தளத்திலிருந்து இறங்கும்வரை மாமனார் கைகளை மடியிலேயே வைத்திருந்தார். லோவர் ஆர்மின் பின் புஷ்ஷில் உள்ள வெடிப்பை அடுத்த ஆண்டுச் சோதனைக்கு ஒரு மாதம் முன்னதாகக் கொண்டுவந்து காட்டும்படி மெக்கானிக் சொல்லியிருக்கிறார். இப்போதைய வெடிப்பின் நீளத்தை அளந்து, தேதியோடு வேலைத்தாளின் பின்பக்கத்தில் குறித்துக் கொடுத்திருக்கிறார்: 8 மில்லிமீட்டர்.